அளவு கண்ட மருத்துவர்: ஜார்ஜ் ரெட்மெய்ன் மரே

ஆனித் திங்கள் பிறந்து, ஆரியங்காவுக் கணவாயின் வழியே மேல்காற்று வீசத் தொடங்கிவிட்டால், செங்கோட்டையில் வெயிலும் மழையும் ஒன்றையொன்று துரத்தி விளையாடும். சாரலில் நனைந்த தெருக்களில் பிள்ளைகள் குடையின்றித் திரிவார்கள்; பெரியோர் துவர்த்தைத் தோளிலிட்டு, எண்ணெய்க் கிண்ணத்தோடு குற்றாலத்துக்குப் புறப்படுவார்கள். அவ்வூரிற் பிறந்து வளர்ந்தவர் எவரும் குளிர்ந்த நீருக்கு அஞ்சியதாக யாம் கேட்டதில்லை.

ஆயினும் சில ஆண்டுகளுக்கு முன், அத்தகைய ஒரு சாரற் காலத்தில், செங்கோட்டையில் வாழும் எம் அத்தையாரை அடுப்பங்கரையில் கம்பளி போர்த்து ஒடுங்கியிருக்கக் கண்டோம். அவர் முப்பது ஆண்டுகள் பள்ளியிற் கணக்குக் கற்பித்தவர்; பதினாறாம் வாய்பாட்டை மூச்சுவிடாது ஒப்புவிக்க வல்லவர். அத்தகையவருடைய பேச்சு அன்று இழுத்திழுத்து வந்தது, குரல் கரகரத்தது, முகமும் கண்ணிமைகளும் வீங்கியிருந்தன, எம் பெயரை நினைவுகூரவும் அவருக்குச் சற்று நேரம் வேண்டியிருந்தது. வீட்டார் அதனை முதுமை என்றனர். அண்டையார் சோம்பல் என்றனர். தென்காசியில் ஒரு மருத்துவர் இரத்தத்தைச் சோதித்து, கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி தன் தொழிலிற் குறைந்துவிட்டதென்று கூறி, சிறியதொரு மாத்திரையை நாள்தோறும் உட்கொள்ளுமாறு பணித்தார்.

இரண்டு வாரமாகியும் பயன் தோன்றவில்லை. கணக்கு ஆசிரியராகிய அத்தையார், மாத்திரையை இரண்டாக்கினால் நலமும் இரண்டாகும் என்று தாமே கணக்கிட்டுக்கொண்டார்; பின்னர் இரண்டை நான்காக்கினார். சில வாரங்கள் சென்றபின் நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது, இரவில் உறக்கம் வரவில்லை, காரணமில்லாத அச்சம் மனத்தைப் பற்றியது. மருந்தே நஞ்சாயிற்று என்று அஞ்சி, எஞ்சிய மாத்திரைகளைக் கொல்லையில் வீசி எறிந்தார். இரண்டு மாதத்துக்குள் மீண்டும் கம்பளிக்குள் புகுந்தார்.

குறைவினால் வருந் துன்பம் ஒன்று. மிகுதியினால் வருந் துன்பம் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே செல்லும் ஒற்றையடிப் பாதையை முதன்முதலாகக் கண்டு, அதில் ஒரு பெண்ணை இருபத்தெட்டு ஆண்டுகள் பிறழாது நடத்திச் சென்ற மருத்துவர் ஒருவர் இருந்தார். ஜார்ஜ் ரெட்மெய்ன் மரே என்பது அவர் பெயர். மருத்துவ உலகம் அவரை நன்கறியும். நம் கல்லூரி மாணவரும் அவரை அறிதல் நன்று எனக் கருதி, அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்க எழுதத் துணிந்தோம்.

பிறப்பும் கல்வியும்

மரே 1865-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், இங்கிலாந்தின் வடகீழ்ப் பகுதியில் டைன் ஆற்றங்கரையிலுள்ள நியூகாசில் நகரிற் பிறந்தார். அவர் தந்தையார் வில்லியம் மரேயும் அந்நகரிற் பெயர்பெற்ற மருத்துவரே. ஆதலின், நோயுற்றோர் படும் பாட்டையும், நள்ளிரவில் வரும் அழைப்புக்கு மருத்துவன் எழுந்து செல்ல வேண்டியிருப்பதையும் மைந்தர் இளமையிலேயே கண்டறிந்திருப்பார் என்பதில் ஐயமில்லை.

ஈட்டன் பள்ளியிலும், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சார்ந்த டிரினிட்டி கல்லூரியிலும் பயின்றபின், லண்டன் மாநகரில் யூனிவர்சிட்டி கல்லூரி மருத்துவமனையில் மருத்துவப் பயிற்சி பெற்றார். அங்கே விக்டர் ஹார்ஸ்லி என்னும் அறுவை மருத்துவ அறிஞரின் நட்பும் வழிகாட்டலும் அவருக்குக் கிடைத்தன. பின்னர் பெர்லினுக்கும் பாரிசுக்கும் சென்று, அக்காலத்தில் அவ்விடங்களில் தழைத்துவந்த நுண்ணுயிர் ஆராய்ச்சி முறைகளைக் கற்றார். கல்வி முற்றி நியூகாசிலுக்குத் திரும்பிய மரே, அந்நகரின் மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியலும் ஒப்பியல் நோய்க்குறி நூலும் கற்பிக்கும் விரிவுரையாளராக அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

அந்நாளைய அறிவு நிலை

மரேயின் பணியைச் செவ்வனே மதிப்பிட வேண்டுமாயின், அவருக்கு முன் அறிஞர் எவ்வளவு தூரம் வந்திருந்தனர் என்பதை அறிதல் வேண்டும். முன்கழுத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமைந்த இச்சுரப்பியின் தொழில் யாதென்று நெடுங்காலம் ஒருவருக்கும் தெரியவில்லை.

1873-ஆம் ஆண்டில் வில்லியம் கல் என்னும் லண்டன் மருத்துவர், நடுவயதுப் பெண்டிர் சிலரிடம் முகம் வீங்கி, அறிவு மந்தித்து, உடல் குளிர்ந்து வரும் ஒரு நோயைக் கண்டு எழுதினார். ஐந்தாண்டு கழித்து வில்லியம் ஆர்ட் என்பார் அதற்கு மிக்ஸிடீமா என்று பெயரிட்டார். 1883-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் அறுவை மருத்துவர் தியோடர் கோக்கர் ஒரு வருந்தத்தக்க உண்மையை வெளியிட்டார். முன்கழுத்துக் கழலைக்காகச் சுரப்பி முழுவதையும் அகற்றப் பெற்ற தம் நோயாளிகளுட் பலர், புண் ஆறிய பின்னர், உடலும் உள்ளமும் மெல்ல மழுங்கிப்போயினர் என்பதே அது. தம் அறுவையின் திறத்தைப் பேசாது, அதன் தீய பயனை உலகறியச் சொன்ன அவருடைய நேர்மை போற்றற்குரியது. சுரப்பியைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1909-ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கல் கண்ட நோயும் கோக்கர் கண்ட நோயும் ஒன்றே. இரண்டுக்கும் சுரப்பியின் இன்மையே காரணம் என்று லண்டனில் பீலிக்ஸ் செமோன் கூறியபோது பலர் நகைத்தனர். ஆயினும் அவ்வூர் மருத்துவச் சங்கம் ஒரு குழுவை நியமித்தது. ஹார்ஸ்லி குரங்குகளின் சுரப்பியை அகற்றிப் பார்த்து, அவற்றுக்கும் அதே நிலை உண்டாவதைக் காட்டினார். குழுவின் அறிக்கை 1888-ஆம் ஆண்டில் வெளிவந்தது. செமோன் கூறியதே மெய்யாயிற்று.

நோயின் காரணம் விளங்கிற்று. ஆனால் நோயாளிக்கு அதனால் வந்த நன்மை ஒன்றுமில்லை. அவர்கள் முன்போலவே குளிரில் நடுங்கி, சொல் மறந்து, ஆண்டுகள் சில கிடந்து மாய்ந்தனர்.

முதல் முயற்சி

ஆட்டின் சுரப்பியை நோயாளியின் தோலுக்கடியிற் பதிய வைத்தால் அஃது ஒட்டி வளர்ந்து தொழில் செய்யலாகும் என்று 1890-ஆம் ஆண்டில் ஹார்ஸ்லி ஒரு யோசனை கூறினார். லிஸ்பன் நகரில் பெட்டன்கோர்ட், செரானோ என்னும் இருவர் அவ்வாறே ஒரு பெண்ணுக்குச் செய்தனர். அவள் மறுநாளே தேறத் தொடங்கினாள். இச்செய்தி மரேயின் சிந்தனையைத் தூண்டிற்று. பதிய வைத்த துண்டு ஒரே நாளில் வேரூன்றி, குருதிக் குழாய்களோடு இணைந்து தொழில் செய்திருக்க இயலாது. ஆகவே, அத்துண்டினின்றும் கசிந்த சாறே அப்பெண்ணைத் தேற்றியிருத்தல் வேண்டும். அங்ஙனமாயின், அறுவை எதற்கு? சாற்றை மட்டும் பிழிந்து ஊசி வழியே செலுத்தினால் போதாதோ? இதுவே மரே கண்ட முடிவு.

1891-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், அப்பகுதி மருத்துவர்கள் கூடிய சங்கத்தில் ஒரு நோயாளியைக் காட்டி, மரே இக்கருத்தை எடுத்துரைத்தார். அவையில் மூத்தார் ஒருவர் எழுந்து, முதுகுத்தண்டு நோய்க்கு முதுகுத்தண்டையே கரைத்து ஊசி போடுவது எவ்வளவு அறிவுடைமையோ அவ்வளவே இதுவும் என்று எள்ளினார். இளைஞர் மறுமொழி கூறி வாதிடவில்லை. செய்து பார்க்கத் தலைப்பட்டார்.

அவர் தேர்ந்த நோயாளி நாற்பத்தாறு வயதுடைய ஒரு பெண். நான்கைந்து ஆண்டுகளாக அவளைச் சோர்வு பற்றியிருந்தது. பேச்சும் நினைவும் மந்தித்தன, முகமும் கைகளும் தடித்தன, மயிர் உதிர்ந்தது, வியர்வை அற்றது, அயலாரைக் காணவே கூசினாள், குளிர் அவளுக்குப் பகையாயிற்று. அவள் பெயரை மரே தம் கட்டுரையில் வெளியிடவில்லை. யாமும் அவளைப் பெயரின்றியே குறிக்கின்றோம்.

மருந்து செய்த முறை எளிதாயினும் தூய்மையிற் சிறிதும் வழுவாதது. அப்போதுதான் கொல்லப்பட்ட ஆட்டின் சுரப்பியைத் தூய கருவிகளால் எடுத்து, சிறு துண்டுகளாக நறுக்கி, சிறிதளவு கிளிசரினும் நீர்த்த கார்பாலிக் அமிலமும் கலந்து, ஒரு பகலும் ஓர் இரவும் மூடி வைத்தார். பின்னர் கொதிநீரில் இட்டெடுத்த மெல்லிய கைக்குட்டையில் வடித்துப் பிழிந்தார். கலங்கிய இளஞ்சிவப்பு நீராக ஏறக்குறைய மூன்று கன சென்டிமீட்டர் கிடைத்தது. அதிற் பாதியை, ஏப்ரல் மாதத்தில், அப்பெண்ணின் முதுகில் தோள்களுக்கு இடையே தோலின் கீழ் மெல்லச் செலுத்தினார். முதலில் அடுத்தடுத்தும், தேறத் தொடங்கிய பின்னர் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறையும் ஊசி இடப்பட்டது.

மூன்று மாதத்தில் அவள் வேறொருத்தி ஆனாள். வீக்கம் வடிந்து முகம் பழைய உருவம் பெற்றது, பேச்சு விரைந்தது, தோல் வியர்த்தது, வீட்டுவேலை செய்யவும் தெருவில் தனியே நடந்து செல்லவும் வல்லவளானாள். 1891-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் மரே இதனை ஒரு சிறு குறிப்பாக வெளியிட்டார். குறைந்துபோன ஒரு சுரப்பியின் சாற்றை வெளியினின்றும் கொடுத்து உடலை நிலைநிறுத்தலாம் என்பது அன்றே மெய்ப்பிக்கப்பட்டது. இருபத்தாறு வயது இளைஞரின் அச்சிறு குறிப்பு மருத்துவ வரலாற்றில் ஒரு புதிய வாயிலைத் திறந்தது.

அளவு காணும் பெரும்பணி

மரேயின் பெருமை இவ்வளவில் முடிந்ததென்று பலர் எண்ணுவர். எமக்கோ, அவருடைய பெரும்பணி இதன் பின்னரே தொடங்கிற்று என்று தோன்றுகின்றது. மருந்து இஃது என்று கண்டதாயிற்று. எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒருமுறை, எதுவரைக்கும் என்னும் வினாக்கள் விடையின்றி நின்றன. இக்காலத்திற் போல் இரத்தத்தைச் சோதித்து எண்ணைக் கூறும் வசதி அந்நாளில் இல்லை. ஓர் ஆட்டின் சுரப்பிக்கும் மற்றோர் ஆட்டின் சுரப்பிக்கும் வன்மை ஒத்திருப்பதில்லை. மருத்துவனுடைய கண்ணும் கையும் நோயாளியின் வாய்ச்சொல்லுமே அளவுகோல்கள். நாடி எவ்வளவு விரைகின்றது, உடலின் வெப்பம் ஏறிற்றா, எடை குறைந்ததா, பேச்சு எவ்வாறு இருக்கின்றது, உறக்கம் வருகின்றதா என்று ஒவ்வொன்றையும் குறித்து, அதற்கேற்ப மருந்தை ஏற்றியும் இறக்கியும் வர வேண்டியிருந்தது.

ஊசி இட்ட சிலருக்கு முகம் சிவந்து, குமட்டல் உண்டாயிற்று. மிகுதியாகக் கொண்டோருக்கு நெஞ்சு துடித்தது, கை நடுங்கியது, உடல் இளைத்தது. நெடுநாள் நோயால் இதயம் தளர்ந்திருந்த சிலர், உடம்பு தேறியதென்று மகிழ்ந்து, மாடிப்படி ஏறியும் கடுமையாக உழைத்தும் திடீரென வீழ்ந்தனர். நெடுங்காலம் மந்தமாக ஓடிப் பழகிய உடலை ஒருநாளில் விரைந்தோடச் செய்தல் தீங்கு என்னும் பாடத்தை அக்கால மருத்துவர் துயரத்தோடு கற்றனர்.

இவ்வநுபவங்களைத் தொகுத்து மரே சிகிச்சையை இரண்டு நிலைகளாகப் பிரித்தார். குறிகள் நீங்கும்வரை மருந்தைச் சிறிது சிறிதாக ஏற்றி உடலைப் பழைய நிலைக்குக் கொணர்தல் முதல் நிலை. பெற்ற நலம் குன்றாதபடி, வேண்டிய அளவை மட்டும் நாள்தோறும் கொடுத்து வருதல் இரண்டாம் நிலை. முதல் நிலைக்கு முடிவுண்டு. இரண்டாம் நிலைக்கு முடிவில்லை. நோய் நீங்கிற்று என்று மருந்தை நிறுத்தினால், நிறுத்தியவர் பழைய குழியிலேயே மீண்டும் வீழ்வர்.

இதற்கிடையே, 1892-ஆம் ஆண்டில், ஹெக்டர் மெக்கன்ஸி, எட்வர்டு பாக்ஸ் என்னும் மருத்துவர் இருவர் தனித்தனியே, இச்சுரப்பியை வாய் வழியே கொடுத்தாலும் பயன் தரும் என்று காட்டினர். பாக்ஸ் தம் நோயாளிக்கு ஆட்டின் சுரப்பியை இலேசாக வதக்கிப் பழப்பாகோடு உண்ணக் கொடுத்தார் என்பர். மரேயும் ஊசியை விடுத்து, தம் நோயாளிக்குச் சாற்றைத் துளியளவாக இரவுதோறும் பருகக் கொடுக்கலானார். அரிய மருந்து அடுக்களைக்கு வந்தது, ஏழைக்கும் எட்டிற்று. உடன் மற்றொரு கேடும் வந்தது. பருத்த உடல் இளைக்க வேண்டுமென்று விரும்பினோர், நோய் ஒன்றுமின்றியே இதனை வாங்கி விழுங்கத் தொடங்கினர். அளவறியாத கைக்கு மருந்து எட்டியதால் விளைந்த தீமை அது.

மரேயின் முதல் நோயாளி அவர் கண்காணிப்பிலேயே ஆண்டுகள் பலவற்றைக் கழித்தாள். 1919-ஆம் ஆண்டில், தன் எழுபத்து நான்காம் வயதில், இதயம் தளர்ந்து இறந்தாள். அடுத்த ஆண்டில் மரே அவளுடைய வரலாற்றை எழுதி வெளியிட்டார். இருபத்தெட்டு ஆண்டுகளில் அவள் உட்கொண்ட சாறு ஒன்பது பைண்டுக்கு மேற்பட்டது. அதற்காகப் பயன்பட்ட ஆடுகள் எண்ணூற்று எழுபதுக்கும் மேற்பட்டவை. ஒன்பது பைண்டு என்பது நம் அளவில் ஐந்து லிட்டர் ஆகும். இருபத்தெட்டு ஆண்டுகளிற் பரப்பினால் ஒரு நாளைக்கு ஒரு சில துளியே. அச்சில துளிகள் குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு என்னும் நிலையில், பதினாயிரம் நாட்கள் அவள் நன்னிலையில் வாழ்ந்தாள். மருத்துவனின் விழிப்பும் நோயாளியின் பொறுமையும் ஒன்றினாலன்றி இஃது இயலுவதோ?

பிற்கால வாழ்வு

புகழ் தம்மைத் தேடி வந்த பின்னரும் மரே ஆசிரியப் பணியை விடவில்லை. 1893-ஆம் ஆண்டில் நியூகாசிலிலேயே ஒப்பியல் நோய்க்குறி நூலின் பேராசிரியரானார். 1900-ஆம் ஆண்டில் தைராய்டுச் சுரப்பியின் நோய்களைப் பற்றித் தனி நூல் ஒன்று எழுதினார். சுரப்பி குறைவாகச் சுரப்பதால் வரும் நோயை மட்டுமன்றி, மிகுதியாகச் சுரப்பதால் வரும் நோயையும் அவர் ஆராய்ந்தார். 1908-ஆம் ஆண்டில் மான்செஸ்டர் சர்வகலாசாலை அவரை மருத்துவப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது; 1925-ஆம் ஆண்டு வரை அப்பதவியில் இருந்து, பல தலைமுறை மாணவரை உருவாக்கினார். முதல் உலகப் போரின்போது இத்தாலியிலிருந்த பிரிட்டிஷ் படைகளுக்கு மருத்துவ ஆலோசகராகவும் தொண்டாற்றினார். 1939-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அவர் வாழ்வு நிறைவுற்றது. அப்போது அவருக்கு வயது எழுபத்து நான்கு. அவர் காத்த அந்தப் பெண்ணுக்கு வாய்த்த வயதும் அதுவே.

வழிவந்தோர்

மரே பிழிந்தெடுத்த சாற்றினுள் இருந்த பொருள் யாது என்பதை, அமெரிக்காவில் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த எட்வர்டு கெண்டல் 1914-ஆம் ஆண்டின் இறுதியில் படிகமாகப் பிரித்தெடுத்து, தைராக்ஸின் எனப் பெயரிட்டார். 1927-ஆம் ஆண்டில் சார்லஸ் ஹாரிங்டனும் ஜார்ஜ் பார்ஜரும் அதனை ஆய்வுக்கூடத்திலேயே உண்டாக்கினர். அதன்பின் மருந்துக்கு ஆட்டை நம்ப வேண்டிய கட்டாயம் மெல்ல மறைந்தது. மாத்திரைக்கு மாத்திரை வன்மை மாறும் குறையும் நீங்கிற்று.

இச்சுரப்பியின் வரலாற்றில் நம் தமிழகத்துக்கும் சிறு தொடர்பு உண்டு. 1901-ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்த ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர், வடமேற்கில் கில்கித் மலைப்பகுதியில், ஒரே ஓடையின் கரையில் அடுத்தடுத்திருந்த சிற்றூர்களில், ஓடை கீழிறங்க இறங்க முன்கழுத்துக் கழலை மிகுவதைக் கண்டார். அவ்வோடை நீரின் வண்டலைத் தாமே பருகித் தம் உடலிற் சோதித்துப் பார்த்த துணிவினர் அவர். பின்னாளில் நீலகிரியிலுள்ள குன்னூரில் அமர்ந்து, உணவின் குறையால் வரும் நோய்களை ஆராய்ந்தார். அவர் அங்கு நட்ட வித்து வளர்ந்து, 1958-ஆம் ஆண்டில் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகின்றது. குன்னூரில் இளமையிற் பணியாற்றிய டாக்டர் இராமலிங்கசுவாமி, 1956-ஆம் ஆண்டில் இமயத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் தொடங்கிய ஆய்வினால், உப்பில் சிறிதளவு அயோடின் சேர்த்தால் கழலை குறையும் என்பதை நாட்டுக்குக் காட்டினார். இன்று நம் வீட்டு உப்பில் அயோடின் இருப்பது அத்தகையோரின் உழைப்பால் வந்தது.

நாம் கொள்ளத்தக்கது

இக்காலத்தில் லீவோதைராக்ஸின் என்னும் மாத்திரை நம் சிற்றூர் மருந்துக் கடைகளிலும் கிடைக்கின்றது. இருபத்தைந்து, ஐம்பது, நூறு மைக்ரோகிராம் என அதன் அளவு குறிக்கப்படும். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. சுரப்பி முற்றும் ஓய்ந்துபோன ஒருவருக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 1.6 மைக்ரோகிராம் தேவைப்படும் என்பர். முதியோருக்கும் இதய நோயாளருக்கும் அதிலும் மிகக் குறைந்த அளவிலேயே தொடங்குவர். காரணத்தை மரேயின் கால அநுபவங்களிலேயே கண்டோம்.

உட்கொண்ட மருந்திற் பாதி உடலை விட்டு நீங்க ஏறக்குறைய ஏழு நாட்கள் ஆகும். ஆகலின், அளவை மாற்றினால் அம்மாற்றத்தின் முழுப்பயன் தெரிய ஐந்தாறு வாரமாகும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து இரத்தத்தைச் சோதித்தே மருத்துவர் அடுத்த மாற்றத்தைச் செய்வர். எம் அத்தையார் இரண்டு வாரத்திற் கண்ட ஏமாற்றமும், தாமே அளவைப் பெருக்கிய பிழையும், பின்னர் வந்த படபடப்பும் ஒரே காரணத்தினின்றும் கிளைத்தவை. மருந்து மெல்ல நடப்பது. அவரோ விரைந்து நடந்தார்.

மற்றொரு சிறு பிழையையும் தென்காசி மருத்துவர் கண்டுபிடித்தார். அத்தையார் விடியற்காலையிற் காப்பியோடு மாத்திரையை விழுங்கி வந்தார். காப்பி இம்மருந்து உடலிற் சேர்வதைத் தடுக்கும். இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளும் அவ்வாறே. வெறும் வயிற்றில் வெறும் நீரோடு மாத்திரையை உட்கொண்டு, அரைமணி முதல் ஒருமணி நேரம் சென்றபின் காப்பி அருந்துதலும், ஏனைய சத்து மாத்திரைகளை நான்கு மணி நேரம் விலக்கி உட்கொள்ளுதலும் வேண்டும். கருவுற்ற மகளிருக்கு அளவு கூடுதலாக வேண்டியிருக்கும். அவர்கள் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுதல் இன்றியமையாதது. நெஞ்சு படபடத்தாலும், கை நடுங்கினாலும், உறக்கம் கெட்டாலும், மருந்தை வீசி எறிவது தீர்வன்று. உடனே மருத்துவரிடம் சென்று உரைப்பதே தீர்வு. மார்பில் வலியோ மூச்சுத் திணறலோ காணின் ஒருநொடியும் தாமதித்தல் ஆகாது.

மாணவ நண்பர்களே, மரேயின் வாழ்வில் நாம் காண்பன இரண்டு. பெரியோர் நகைத்தபோதும் தம் கருத்தைச் சோதித்துப் பார்த்த துணிவு ஒன்று. அத்துணிவினும் அரியது மற்றொன்று: வெற்றி கண்ட பின்னரும் அலுக்காது, ஒரே நோயாளியின் நாடியை ஆண்டுதோறும் பிடித்துப் பார்த்த பொறுமை. புதியதைக் காண்பவரை உலகம் உடனே அறிந்துகொள்ளும். கண்டதைக் காத்து நிற்பவரை அவ்வளவு விரைவில் அறிவதில்லை. நோயாளிக்கோ பின்னவரே நாள்தோறும் வேண்டியவர்.

நோயாளிக்கும் இப்பொறுமை வேண்டும். தேறாத நாட்களில் தன்னையே ஐயுறுவதும், சோம்பேறி என்று பிறர் கூறுவதை நம்பி மனமுடைவதும், படபடப்பு வந்தபோது சாவே வந்ததென அஞ்சுவதும் இந்நோயாளர் பலருக்கு நேர்வன. அவை மனத்தின் குற்றமல்ல. உடலில் ஒரு பொருளின் அளவு பிறழ்ந்ததன் குறிகள். இவ்வாறு அறிவதே பாதித் துயரை நீக்கும். வீட்டார் அறிதல் இன்னும் நன்று.

எம் அத்தையாருக்கு மருத்துவர் மீண்டும் சிறிய அளவிலிருந்து தொடங்கினார். இம்முறை அவர் ஒரு பழைய கணக்கு நோட்டை எடுத்து, நாள், மாத்திரையின் அளவு, காலையில் எண்ணிய நாடித்துடிப்பு, உறங்கிய நேரம் ஆகியவற்றைக் கட்டம் போட்டு எழுதலானார். ஆறு வாரத்துக்கொருமுறை அந்நோட்டோடு தென்காசிக்குச் சென்றார். ஏறக்குறைய ஓராண்டில் அவருக்குரிய அளவு அமைந்தது.

அடுத்த சாரற் காலத்தில் யாம் அவரைக் குற்றாலத்துக்கு அழைத்துச் சென்றோம். பேரருவியில் நீர் குறைந்தால் பாறை மட்டுமே தெரியும். நீர் மிகுந்து வளைவைத் தாண்டி வீழ்ந்தால் காவலர் எவரையும் அருகே விடார். அன்று நீர் அளவாக வீழ்ந்துகொண்டிருந்தது. அத்தையார் துவர்த்தை எம் கையிற் கொடுத்து, கம்பியைப் பற்றிக்கொண்டு, நீரின் வேகத்தைச் சற்று நேரம் உற்று நோக்கினார். பின்னர் அஞ்சாது சென்று தலையை நீட்டினார்.